நவம்பர் மாசமும் கோவக்கார கிளையன்ட்டும்: திருகோணமலையில டக்ஸ் ரிட்டர்ன் செய்யுற ஆக்களுக்கு

கஷ்டமான கிளையன்ட் எண்டு நாங்க ஒபிஸ்ல பேர் வச்சிருக்குற ஆக்கள்ல கனபேர் கெட்ட ஆக்கள் இல்ல. அவங்கட மனசுக்குள்ள ஒரு எண்ணம் இருக்கு, ரிட்டர்ன் எண்டுறது எக்கவுண்டன்ட்ட சாமான், நான் ஃபீஸ் குடுத்தாச்சு, இனி அவர் பாத்துக்கொள்ளுவார் எண்டு. அந்த எண்ணம் இருக்குறவரைக்கும் பில் தரமாட்டார், கோல் பண்ணினா எடுக்கமாட்டார், கடைசியில வரித்தொகை கூடப்போனா நீங்கதான் கூட்டிவிட்ட மாதிரி சத்தம் போடுவார். ஆனபடியா நீங்க முதல்ல செய்யவேண்டிய வேலை கணக்கு இல்ல, ரிட்டர்ன் அவர்ட, கையெழுத்து அவர்ட, தண்டம் வந்தாலும் அவர்ட பேருக்குத்தான் வரும் எண்டதை மரியாதையா, திரும்பத் திரும்ப, எழுத்துல அவருக்கு விளங்கவைக்கிறது. கீழ சொல்லுற எல்லாமே இந்த ஒரு விசயத்தைச் செய்யுறதுக்கான வழிதான்.

முதல்ல திகதி. கிளையன்ட் கோவப்படுற இடத்துல பாதி, திகதி விளங்காததால வாறது. எங்கட வரி வருசம் ஏப்ரல் 1ல தொடங்கி மார்ச் 31ல முடியும். ரிட்டர்ன் அனுப்புற கடைசி நாள் நவம்பர் 30, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா மிச்ச வரியைக் கட்டுற கடைசி நாள் செப்டம்பர் 30, அது ரெண்டு மாசத்துக்கு முந்தியே போயிரும், இதைத்தான் நிறையப் பேர் பிடிக்கிறதில்ல. அதுக்கு முன்னால நாலு தவணை வேற இருக்கு, ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. இப்ப பாருங்க, 2026 நவம்பர் 15ல கட்டுறது 2026/27 வருசத்துட ரெண்டாவது தவணை, அதே நவம்பர் 30ல அனுப்புறது 2025/26 ரிட்டர்ன். ஒரே மாசத்துல ரெண்டு வருசம் வந்து நிக்குது. "செப்டம்பர்லதானே கட்டினன், திரும்ப என்ன வரி" எண்டு ஒரு கடைக்காரர் கேட்டா அவர் வம்புக்கு கேக்கல்ல, உண்மையா விளங்காமத்தான் கேக்குறார். ஒரு A4 பேப்பர்ல ரெண்டு வருசத்தையும் ரெண்டு கலர் பேனையால எழுதி, எந்தத் திகதிக்கு எந்த வருசக் காசு எண்டு போட்டு, மேசைக் கண்ணாடிக்குக் கீழ வைக்கச் சொல்லிக் குடுங்க. வட்ஸ்அப்ல அனுப்பினா அது கல்யாண வீட்டு போட்டோக்களுக்குள்ள எங்கயோ போயிரும்.

எங்கட ஊருக்கு எண்டு ஒரு விசேசம் இருக்கு, அதை கொழும்புல இருந்து வாற எந்த செமினார்லயும் சொல்லமாட்டாங்க. உப்புவெளி, நிலாவெளி பக்கம் கெஸ்ட் ஹவுஸ், புறாத்தீவுக்கு போட் ஓட்டுற ஆக்கள், டைவிங் சென்டர், இவங்களுக்கெல்லாம் கையில காசு பிழங்குறது மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும்தான். ஒக்டோபர் கடைசியில மழை பிடிச்சா பிறகு ரூம் வெறுமையா கிடக்கும், கடலும் கொந்தளிக்கும், மீன் தொழிலும் படுத்துரும். ஆக நவம்பர் எண்டது பேப்பர் வேலைக்கு அவருக்கு நேரம் இருக்குற மாசம், ஆனா கட்டுறதுக்கு காசு இல்லாத மாசம். ஜூலை மாசம் அதுக்கு நேர்மாறு, காசு இருக்கும், உங்களோட கதைக்க ரெண்டு நிமிசம் இருக்காது. அதால இந்த ஆக்களுக்கு ஜூலைல ஞாபகப்படுத்துறதுல பிரயோசனம் இல்ல, ஏப்ரல் புதுவருசம் முடிஞ்ச கையோட, சீசன் சூடு பிடிக்க முந்தி போய் உக்காரணும். வருசம் மார்ச் 31ல முடிஞ்சிட்டுது, பேங்க் ஸ்டேட்மென்ட் எடுக்கலாம், ஆளும் இருப்பார். சீசன்ல வாற காசுல வரிக்கெண்டு ஒரு பங்கை வேற கணக்குல போட்டு வையுங்க அண்ணா எண்டு அப்பவே சொல்லிட்டா ஆகஸ்ட் 15ம் நவம்பர் 15ம் அவருக்கு இடி மாதிரி வந்து விழாது.

மழையைப் பத்தி இன்னொண்டு. 2025 நவம்பர் 28ம் திகதி டிட்வா புயல் வந்தது, ரிட்டர்ன் கடைசி நாளுக்கு ரெண்டே நாள் முந்தி. வெள்ளத்துல ஆக்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டுக்கொண்டு இருந்த நேரத்துல யார் பில்லைத் தேடுறது. வாடைக்காத்து காலத்துல கரண்ட் போறதும் நெட் போறதும் இங்க வருசா வருசம் உள்ள விசயம்தான், கடைசிக் கிழமையை நம்பி வேலையை வைக்காதீங்க. உங்கட ஒபிஸுக்குள்ள நவம்பர் 15ஐ கடைசி நாளா வையுங்க, கிளையன்ட்டுக்கும் அதையே சொல்லுங்க.

இனி கேக்குற விதம். "டொக்யுமென்ட்ஸ் எல்லாம் அனுப்புங்க" எண்டு ஒரு மெசேஜ் போட்டா ஒண்டும் வராது, எல்லாம் எண்டா என்ன எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும். பேர் சொல்லிக் கேளுங்க, திகதி போடுங்க, திகதி தவறினா என்ன நடக்கும் எண்டும் சேத்து எழுதுங்க. நான் அனுப்புறது இப்பிடி இருக்கும்:

"வணக்கம் அண்ணா. 2025 ஏப்ரல் 1ல இருந்து 2026 மார்ச் 31 வரைக்குமான உங்கட வருமான வரி ரிட்டர்ன் வேலை தொடங்குறம். எனக்கு வேண்டியது, உங்கட பேர்ல உள்ள எல்லா பேங்க் கணக்குக்கும் இந்த வருசத்து ஸ்டேட்மென்ட், எஃப்டி (நிலையான வைப்பு) வட்டியில வரி வெட்டின சேர்ட்டிபிகேட், வாடகைக்கு குடுத்த வீடு கடை இருந்தா அக்ரிமென்ட், இந்த வருசம் வாங்கின வித்த காணி வாகனம் நகை, எடுத்த லோன், திருப்பிக் கட்டின லோன். ஜூலை 31க்குள்ள தந்தா செப்டம்பர் 30க்கு எவ்வளவு கட்டவேணும் எண்டு ஆகஸ்ட்லயே சொல்லிருவன். அதுக்குப் பிறகு வாற பைல் வந்த வரிசையிலதான் பாக்கலாம். செப்டம்பர் 30 தாண்டினா கட்டாத வரிக்கு மாசம் 1.5% வட்டி ஏறும்."

கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு அந்த ஜூலை திகதியை மட்டும் ஏப்ரல் 30 எண்டு மாத்தி, புதுவருசத்துக்கு முந்தியே அனுப்பிருவன். இதுல பயமுறுத்துற சொல் ஒண்டும் இல்ல, கெஞ்சலும் இல்ல. ரிட்டயர் ஆன மாஸ்டருக்கு அண்ணாவுக்குப் பதிலா சேர் எண்டு போடணும், கிண்ணியா, மூதூர் பக்கத்து வியாபாரிக்கு நானா, ஹாஜியார் எண்டு அவர் பழகின முறையில போடணும், வயசான அம்மாவுக்கு எழுதி அனுப்புறதை விட கோல் பண்ணிக் கதைச்சிட்டு பிறகு எழுதி அனுப்புறது நல்லது. ஆளைப் பாத்து மரியாதை மாறலாம், திகதி மாறக்கூடாது. சொந்தக்காரருக்கு ஒரு திகதி, மத்தவங்களுக்கு ஒரு திகதி எண்டு ஒருக்கா விட்டீங்க எண்டா அது ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும், பிறகு உங்கட திகதியை யாரும் நம்பமாட்டாங்க.

வரித் திணைக்கள வெப்சைட்டுக்குள்ள போற லொகின் விசயத்தை ஜூலைலயே பாத்துருங்க. டின் நம்பர், அதாவது வரி அடையாள இலக்கம், எடுக்கேக்க குடுத்த ஃபோன் நம்பர் மகன்ட நம்பரா இருக்கும், மகன் இப்ப கட்டார்ல இருப்பார், அந்த சிம் வேலை செய்யாது. இதை நவம்பர் 29 ராவு கண்டுபிடிச்சா கிளையன்ட் உங்களையும் ஏசுவார், தன்னையும் ஏசுவார்.

பயத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும். 18 வயசு தாண்டின ஆக்கள் டின் எடுக்கவேணும் எண்டு 2024ல வந்ததுக்குப் பிறகு, டின் நம்பர் கையில வந்த உடனேயே வரி கட்டவேணும் எண்டு நினைச்சு நித்திரை இல்லாம இருந்த ஆக்கள் இருக்குறாங்க. டின் வேற, வரி வேற. 2025 ஏப்ரல் தொடக்கம் வருசத்துக்கு 18 லட்சம் வரைக்கும் தனியாள் விலக்கு இருக்கு, அதுக்கு மேல வாற முதல் 10 லட்சத்துக்கு 6%, பிறகு ஒவ்வொரு 5 லட்சத்துக்கும் 18, 24, 30, அதுக்கு மேல 36%. இதை வாயால சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது, அவருக்கு முன்னால பேப்பர்ல போட்டுக் காட்டுங்க. செலவெல்லாம் கழிச்சு வருசம் 30 லட்சம் மிஞ்சுற ஒரு கடைக்காரர், 18 போனா 12 லட்சம், அதுல 10 லட்சத்துக்கு 60,000, மிச்ச 2 லட்சத்துக்கு 36,000, மொத்தம் 96,000 ரூவா. இதே 30 லட்சத்துக்கு 2024/25ல 12 லட்சம்தான் விலக்கு, கணக்குப் போட்டா 2,52,000 வரும். "36 வீதமாம், எடுத்துட்டுப் போயிருவாங்களாம்" எண்டு எங்கயோ கேட்டுட்டு வந்தவர், தன்ட வருமானத்துல நூத்துக்கு மூண்டு ரூவா சொச்சம்தான் எண்டு கண்ணால பாத்தா குரல் இறங்கிரும். நான் கண்ட மட்டில கிளையன்ட் கோவத்துக்கு இதை விட நல்ல மருந்து இல்ல, அவர்ட கணக்கை அவருக்கு முன்னால, கல்குலேட்டரை அவர்ட பக்கம் திருப்பி வச்சு.

அடுத்தது எஃப்டி ஆக்கள். "பேங்க்லயே வெட்டிட்டாங்க தம்பி, பிறகு எதுக்கு நான் திரும்ப கட்டணும்" எண்டுற கேள்வி வராத நாள் இல்ல. 2025 ஏப்ரல் தொடக்கம் வட்டியில 10% பேங்க் பிடிக்குது, முந்தி 5% ஆ இருந்தது. அது முடிஞ்ச வரி இல்ல, முன்பணம் மாதிரி. ரெண்டு பக்கத்தையும் காட்டணும். ஒருத்தர் அரசாங்க பென்சன்காரர், பென்சனுக்கு வரி இல்ல, எஃப்டி வட்டி மட்டும் வருசம் 15 லட்சம் எண்டு வச்சுக்கொள்ளுவம். 18 லட்சத்துக்கு உள்ளதானே, ஒரு சதமும் வரி இல்ல, ஆனா பேங்க் 1,50,000 வெட்டியிருக்கும். அவருக்கு ரிட்டர்ன் போட்டு திருப்பிக் கேக்கலாம், அதை விட நல்லது வருமானம் 18 லட்சத்துக்குள்ளதான் எண்டு பேங்குக்கு டின் நம்பரோட பிரகடனம் குடுத்து வெட்டாம விடுறது. ரீஃபண்ட் எப்ப வரும் எண்டு மட்டும் வாக்குக் குடுக்காதீங்க, அது உங்கட கையில இல்லாத விசயம், திகதி சொன்னா அந்தத் திகதியில உங்கட வாசல்ல நிப்பார், நிக்கிறதுல பிழையும் இல்ல.

மற்றப் பக்கம், சம்பளம் 30 லட்சம் எடுக்குற ஒருத்தருக்கு வட்டி 5 லட்சம். விலக்கு சம்பளத்துலயே முடிஞ்சிட்டு. சம்பளத்துல 12 லட்சம் ஏற்கனவே வரிக்குள்ள, ஆக வட்டியில 3 லட்சத்துக்கு 18%, 2 லட்சத்துக்கு 24%, 54,000ம் 48,000ம் சேத்து 1,02,000. பேங்க் வெட்டினது 50,000. இன்னும் 52,000 கட்டணும். இதை நவம்பர்ல சொன்னா சண்டை, ஆகஸ்ட்ல சொன்னா "சரி, பாத்துக்கட்டுறன்". தொகை ஒண்டுதான், சொல்லுற மாசம்தான் வேற.

வீடு யார்ட பேர்ல இருக்கு எண்டுற கேள்வி இங்க பெரிசு. கிழக்குல வீடு மகளுக்குத்தானே போகும், சீதனமா எழுதின காணி உறுதி மனிசிட பேர்ல இருக்கும், வாடகையை வாங்குறது மனிசன், தன்ட வருமானம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பார். எங்கட சட்டத்துல புருசனுக்கும் மனிசிக்கும் தனித்தனி வரி, தனித்தனி விலக்கு. உறுதி மனிசிட பேர்ல எண்டா வாடகை அந்த அக்காட வருமானம், அவவுக்கு டின் வேணும், தேவையெண்டா ரிட்டர்னும் வேணும். இதைக் கேட்ட உடனே மனிசன் பதறுவார், "பொம்பிளையை எதுக்கு இதுக்குள்ள இழுக்குறீங்க" எண்டு. ஆறுதலா இருங்க. அக்காவையும் கூப்பிட்டு உக்காரவச்சுக் கதையுங்க, வாடகை மட்டும்தான் வருமானம் எண்டா 25% பராமரிப்புக்கு எண்டு கழிச்சு, மிச்சம் 18 லட்சத்துக்குள்ள இருந்தா வரியே இல்ல எண்டு காட்டுங்க. இன்னொரு விசயம், அவவுக்கு நேரா விளங்கப்படுத்துங்க, மனிசன் ஊடாக இல்ல. கையெழுத்து அவட. பேப்பரை வீட்டுக்கு குடுத்தனுப்பி கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாறது எங்கட தொழில்ல இருக்குற ஒரு கூடாத பழக்கம், அதை நிப்பாட்டணும். தன்ட பேர்ல என்ன இருக்கு, எவ்வளவு காட்டியிருக்கு எண்டு தெரிஞ்ச பொம்பிளையள்தான் அடுத்த வருசம் பில்லுகளை ஒழுங்கா கட்டி வச்சிருப்பாங்க, இதை நான் அடிச்சுச் சொல்லுவன்.

அந்த 25% இருக்குறதால, சும்மா வாடகைக்கு விட்ட வீட்டுக்கு சீமெந்து பில், பெயின்ட் பில் எல்லாம் தேடி ஆளை அலைக்கழிக்கத் தேவையில்ல. ஆனா அதே வீட்டை கெஸ்ட் ஹவுஸா நடத்தினா அது பிஸ்னஸ், அங்க ஒவ்வொரு செலவுக்கும் பில் வேணும். நிலாவெளி ஆக்களோட வாற சண்டை இந்த இடத்துலதான். ஒன்லைன்ல ரூம் புக் பண்ணின காசு கொமிஷன் வெட்டித்தான் பேங்குக்கு வரும், வந்ததை மட்டும் வருமானம் எண்டு சொல்லுவார். முழுத்தொகையை வருமானத்துல போட்டு கொமிஷனை செலவுல போடணும், மிஞ்சுறது ஒண்டுதான், ஆனா புக்கிங் பக்கத்துல உள்ள கணக்கும் ரிட்டர்ன்ல உள்ள கணக்கும் ஒத்துப்போகும், நாளைக்கு ஒருத்தர் கேட்டா பதில் இருக்கும். மாசக் கடைசியில அந்த புக்கிங் ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, ரிசப்ஷன்ல நிக்கிற பிள்ளை செய்யும், முதலாளியை எதிர்பாக்காதீங்க.

மீன் வாடி வச்சிருக்குற சம்மாட்டிமார்ட, அதாவது படகு முதலாளிமார்ட, கணக்கு வேற மாதிரி. கொப்பி இருக்கும், பில் இருக்காது. ஐஸ், டீசல், வலை, படகுல போற ஆக்கள்ட பங்கு எல்லாம் கொப்பியிலதான். அந்தக் கொப்பியை இளக்காரமா பாக்காதீங்க, நாளுக்கு நாள் எழுதின கொப்பி எண்டா அது பெரிய ஆதாரம். வருசம் முடிய வாங்கி ஸ்கேன் பண்ணி வையுங்க. பதிவேடுகளை 5 வருசத்துக்கு வச்சிருக்கணும் எண்டு சட்டம், உப்புக்காத்துலயும் மழையிலயும் கொப்பி 5 வருசம் தாங்காது.

சொத்து விபரம் கேட்டா முகம் மாறும். நகை எத்தின பவுண், காணி எங்க, கையில எவ்வளவு, யாருக்கு கடன், இதெல்லாம் வெளி ஆளுக்கு சொல்லுற விசயமா எண்டு. நியாயமான பயம், இந்த ஊர்ல சொத்தையும் உயிரையும் இழந்து, பாதுகாத்து வந்த சனம், யாரும் கேட்டா வாய் திறக்காதது பழக்கமா வந்தது. அதை மதிச்சுக் கதைக்கணும். ஏன் கேக்குறம் எண்டு சொல்லுங்க: போன வருசம் காட்டின சொத்தோட இந்த வருச வருமானத்தைக் கூட்டி செலவைக் கழிச்சா இந்த வருச சொத்து வரணும், வராட்டி இடையில வந்த காசு எங்க இருந்து எண்டு கேப்பாங்க. கனடாவுல, லண்டன்ல இருக்குற பிள்ளை அனுப்பின காசுலதான் கன்னியா பக்கம் வீடு கட்டினவர் எத்தின பேர். பிள்ளை குடும்பத்துக்கு அனுப்புற காசு வருமானம் இல்ல, அதுக்கு வரி வராது. ஆனா பேங்க்ல வந்த துண்டு இல்லாட்டி அதை நிரூபிக்கிறது எப்பிடி. கையில குடுத்தனுப்பினது எண்டு சொன்னா உங்களுக்கும் அவருக்கும் தலையிடிதான், இனிமேல் பேங்க் ஊடாக அனுப்பச் சொல்லுங்க எண்டு இந்த வருசமே சொல்லிவையுங்க.

மறைக்கச் சொல்லுற ஆக்களுக்கு வருவம். "கார்ட்ல வந்ததை மட்டும் போடுங்க, கைக்காசை விடுங்க." இதைச் சொல்லுறவர் உங்கட மாமாவா இருக்கலாம், கோயில் தலைவரா இருக்கலாம், படிப்பிச்ச சேரா இருக்கலாம். அந்த நேரத்துல சிரிச்சு மழுப்பினீங்க எண்டா அவர் அதை ஓம் எண்டுதான் எடுப்பார். நேரா சொல்லணும், குரலை உயர்த்தாம: "சேர், உங்களுக்கு சட்டப்படி குறைக்கக்கூடிய ஒவ்வொரு ரூவாவையும் நான் தேடி குறைச்சுத் தருவன். வந்த காசை வரல்ல எண்டு எழுதமாட்டன். அப்பிடித்தான் வேணும் எண்டா வேற ஆளைப் பாருங்க, உங்கட பைலை நான் ஒழுங்கா கட்டித் தாறன்." கவனமில்லாம இல்லாட்டி வேணுமெண்டு வரியைக் குறைச்சுக் காட்டினா, குறைஞ்ச தொகையில 25% தண்டம், பெரிய குறைவு எண்டா 75% வரைக்கும் போகும், வட்டி வேற. அதையும் சொல்லுங்க. கனபேர் இந்த இடத்துல இறங்கி வருவாங்க, ஏனெண்டா அவங்க சும்மா கேட்டுப்பாத்ததுதான். இறங்காதவர் போகட்டும். போற ஆளுக்காக கவலைப்படாதீங்க, உங்கட பேரை நம்பித்தான் மத்த கிளையன்ட் எல்லாம் தங்கட பேங்க் ஸ்டேட்மென்ட்டை உங்கட மேசையில வைக்கிறாங்க.

லேட் ஆக்குறவருக்கு தண்டத்தை தொகையா சொல்லுங்க. நேரத்துக்கு ரிட்டர்ன் போடாட்டி, கட்டவேண்டிய வரியில 5%ம் மாசத்துக்கு 1%ம், இல்லாட்டி 50,000ம் மாசத்துக்கு 10,000ம், இதுல எது கூடவோ அதுதான் தண்டம், ஆகக்கூடினது 4 லட்சம். ஆக வெறும் 20,000 ரூவா வரி கட்டவேண்டிய ஒருத்தர் ரெண்டு மாசம் பிந்தினா சட்டப்படி 70,000 தண்டம். வரியை விட மூண்டரை மடங்கு. சின்ன வரிதானே பிறகு பாப்பம் எண்டு இருக்குற ஆக்களுக்குத்தான் இது கூடுதலா அடிக்கும், அவங்களுக்குத்தான் இது தெரியாம இருக்கு. ஒக்டோபர் முதல் கிழமை இந்தக் கணக்கை அவர்ட தொகையைப் போட்டு எழுதி அனுப்புங்க. காசு இல்லாட்டியும் ரிட்டர்னை நேரத்துக்குப் போடுங்க எண்டும் சொல்லுங்க, கட்ட காசு இல்லாததுக்காக ரிட்டர்னையும் நிப்பாட்டி வைக்கிறவர் ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்குறார்.

கடிதம் வந்தா உடனே ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, கவரையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில வந்த கடிதத்தை பயத்துல லாச்சிக்குள்ள வச்சிட்டு மூண்டு மாசம் கழிச்சு கொண்டுவாற ஆக்கள் இருக்காங்க, வரி மதிப்பீட்டுக் கடிதம் எண்டா மறுபரிசீலனை கேக்க 30 நாள்தான். போனா பிறகு கஷ்டம்தான்.

சத்தம் போடுற ஆளைப் பத்திக் கொஞ்சம். முழுக்கக் கதைச்சு முடிக்க விடுங்க, இடையில சட்டப் பிரிவு சொல்லாதீங்க. முடிஞ்ச பிறகு "சரி அண்ணா, எந்தத் தொகை பிழை எண்டு நினைக்கிறீங்க, அதைப் பாப்பம்" எண்டு பேப்பரை எடுங்க. ராவு பத்து மணி வொய்ஸ் மெசேஜுக்கு ராவே பதில் போடாதீங்க, விடிய எழுத்துல போடுங்க. கதைச்ச ஒவ்வொண்டையும் அண்டைக்கே ரெண்டு வரியில எழுதி அனுப்புங்க: "இண்டைக்கு கதைச்சபடி கடை வாடகை மாசம் இவ்வளவு எண்டு நீங்க சொன்னதை எடுத்திருக்கன்." அவ்வளவுதான், பிறகு நான் அப்பிடிச் சொல்லல்ல எண்டு ஒரு கதை வராது.

ஒபிஸ்ல வேலை செய்யுற பிள்ளையளைப் பத்திச் சொல்லாம விடமாட்டன். கம்பஸ் முடிச்சிட்டு, இல்லாட்டி ஏஏடி எண்ட கணக்கியல் படிப்பு படிச்சுக்கொண்டு வாற பிள்ளையள்தான் கோல் எடுக்குறது, பில் கேக்குறது. முதலாளிக்கு முன்னால தம்பி தம்பி எண்டு கதைக்கிற கிளையன்ட் இந்தப் பிள்ளையளோட வேற மாதிரி கதைப்பார், அதுவும் பெண் பிள்ளை எண்டா இன்னும் மோசம். அதைக் கேள்விப்பட்டா நீங்கதான் அண்டைக்கே அந்த கிளையன்ட்டோட கதைக்கணும், பிள்ளையை சமாதானம் செய்யச் சொல்லி அனுப்பக்கூடாது. "இனி உங்கட பைலை நான் மட்டும்தான் கதைப்பன், பிள்ளையளை ஏசினா பைலை எடுக்கமாட்டன்." ஃபீஸ் எவ்வளவு பெரிசா இருந்தாலும் சரி. நவம்பர்ல நல்ல பிள்ளை ஒண்டு வேலையை விட்டுட்டுப் போச்சுதெண்டா அந்த ஃபீஸால அதை நிரப்ப ஏலாது.

அதே போல ஊருக்குள்ள வாய். பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில நிண்டு "அவர் எவ்வளவு கட்டுறார்" எண்டு சும்மா கேக்குற மாதிரிக் கேப்பாங்க. சின்ன டவுன், மத்திய வீதியில ஒரு கடையில சொன்னது பின்னேரம் ஓர்ஸ் ஹில்ல இருக்கும். ஒரு சொல்லும் சொல்லாதீங்க, நல்ல விசயம் எண்டாலும் சொல்லாதீங்க.

ஃபீஸ் விசயம் சுருக்கமா. வேலை தொடங்க முந்தி தொகையை எழுதிக் குடுங்க, பாதியை முன்னால வாங்குங்க, ஜூலைக்குப் பிறகு வந்தா ஃபீஸ் கூடும் எண்டும் அதிலயே போடுங்க. சொந்தக்காரருக்கு குறைக்கிறது எண்டா குறைச்ச தொகையையே எழுதுங்க, "பிறகு பாப்பம்" எண்டு விட்டா அது காசும் இல்ல, உறவும் இல்ல எண்டு ஆகிரும். காசு தரல்ல எண்டு ஆள்ட உறுதியையோ பேங்க் புக்கையோ பிடிச்சு வைக்காதீங்க, அது அவர்ட சாமான்.

ஒரு கிளையன்ட்டை விடுறது எண்டு முடிவெடுத்தா நவம்பர்ல விடாதீங்க. கையில எடுத்த ரிட்டர்னை முடிச்சுக் குடுத்திட்டு, டிசம்பர்ல நேர போய் சொல்லுங்க, போன வருசங்கள்ட கொப்பியளையும் கட்டின துண்டுகளையும் ஒரு பைல்ல போட்டு, அடுத்த தவணை பெப்ரவரி 15 எண்டு மேல எழுதி கையில குடுங்க. புதுசா பாக்கப்போற எக்கவுண்டன்ட் கோல் பண்ணினா, கிளையன்ட் ஓம் எண்டு சொல்லியிருந்தா, தேவையான விபரத்தை மறைக்காம குடுங்க.